தசமப் புள்ளியை நம்பி உணவகம் தேடிய ஆறு ஆண்டுகள்

பணி மாற்றலாகி வேறொரு நகரத்துக்குக் குடிபெயரவிருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "வரைபடச் செயலியைக் கையில் வைத்துக்கொண்டு சந்து சந்தாகச் சாப்பிட்டுப் பார்த்தவர் நீங்கள். புது ஊரில் நானும் அதை நம்பி இறங்கலாமா?" நேரில் சொன்ன பதில் அரைகுறையாக இருந்ததால் இதை எழுதுகிறேன். அந்தச் செயலியில் என்னென்ன வசதிகள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தியும் எனக்குப் பழகாமல் உறுத்திக்கொண்டே இருக்கும் ஒன்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஒவ்வொரு உணவகத்தின் பெயருக்கும் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும், பயனர்கள் ஐந்துக்குத் தந்த நட்சத்திரங்களின் சராசரியான அந்தத் தசமப் புள்ளி எண்தான் அது.

செயலியை நிறுவிய முதல் வாரத்திலேயே, 4 நட்சத்திரத்துக்குக் குறைந்த இடங்களைக் காட்ட வேண்டாம் என்று ஃபில்டரில் தேர்வு செய்துவிட்டேன். அப்போது அது மிகவும் நியாயமான காரியமாகத் தோன்றியது. வேலை முடிந்து களைத்துப்போய் வருகிறவனுக்கு நல்ல இடங்களை மட்டும் காட்டினால் போதாதா? இரண்டு ஆண்டுகள் அந்தத் தேர்வை நான் தொடவே இல்லை. என் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் வழியில் எத்தனை உணவகங்கள் இருக்கின்றன என்று அந்நாளில் யாராவது கேட்டிருந்தால், நான்கு என்று உறுதியாகச் சொல்லியிருப்பேன். உண்மையில் இருந்தவை பதினொன்று.

அது தெரிய வந்தது ஒரு மழை நாளில். பேருந்து நிறுத்தத்தின் பின்புறச் சந்தில், ஒதுங்க இடம் தேடி ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஆறு மேசைகள். சுவரில் ஒரு கரும்பலகை. அதில் ஐந்து உணவுகள் எழுதி, அவற்றில் இரண்டை ஈரத் துணியால் அரைகுறையாகத் துடைத்திருந்தார்கள். துடைத்த இடத்தில் எழுத்தின் நிழல் இன்னும் தெரிந்தது. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்து, "மூன்றுதான் மிச்சம் இருக்கிறது, மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவோம், பரவாயில்லையா?" என்று கேட்டார். அவருடைய கணவர்தான் சமையல் என்பது, திரைக்குப் பின்னாலிருந்து அவர் பாத்திரத்தைத் தட்டிக் கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்தது. அன்று நான் சாப்பிட்டதைப் போன்ற ஒரு மதிய உணவை, 4.6 என்றும் 4.7 என்றும் அதுவரை தேடிப் போன எந்த இடத்திலும் சாப்பிட்டதில்லை. வெளியே வந்ததும் செயலியில் தேடினேன். ஃபில்டரை எடுத்த பிறகுதான் அந்தக் கடை தென்பட்டது. அதன் எண் 3.6.

அந்த எண் எப்படி வந்தது என்று பார்க்க அங்கிருந்த மதிப்புரைகள் அத்தனையையும் படித்தேன். படித்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஏனென்றால் மொத்தமே பதினான்குதான். ஒருவர் நான்கு மணிக்குப் போயிருக்கிறார், கடை மூடியிருந்தது, ஒரு நட்சத்திரம். ஒருவருக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை, ஒரு நட்சத்திரம். இன்னொருவர் வீட்டுக்கு வரவழைத்த பொட்டலம் வழியில் கொட்டிவிட்டது. கொண்டு வந்தவர் வேறொரு நிறுவனத்தின் ஆள், தண்டனை சமையல்காரருக்கு. சாப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர்கூட நான்குக்குக் குறைவாகத் தரவில்லை. சுவை, வாகன நிறுத்தம், திறக்கும் நேரம், பொட்டலம் கட்டிய விதம் ஆகிய நான்கையும் ஒரே எண்ணில் கரைத்துவிட்டு, அதைத் தசமப் புள்ளி வரை துல்லியமாகக் காட்டுவதைத்தான் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

இதில் சின்னக் கடைகளுக்கு நேரும் அநியாயத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒன்பது பேர் தலா 5 கொடுத்த ஒரு கடைக்குக் கோபக்காரர்கள் இருவர் வந்து தலா 1 கொடுத்தால், சராசரி 5-லிருந்து 4.3-க்கு இறங்கிவிடும். இரண்டாயிரம் பேர் மதிப்பிட்டு 4.5 வாங்கியிருக்கும் பெரிய உணவகத்துக்கு அதே இருவர் அதே 1-ஐக் கொடுத்தாலும் திரையில் 4.5 அப்படியே நிற்கும். ஆறு மேசைக் கடைக்கு ஆயிரக்கணக்கில் மதிப்புரைகள் சேர வாய்ப்பே இல்லை. அங்கே அன்றாடம் சாப்பிடுகிறவர்கள் கைப்பேசியை எடுத்துப் பாராட்டி எழுதுகிறவர்களும் இல்லை. சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறவர்கள். எழுதுகிறவர் பெரும்பாலும் மிகவும் மகிழ்ந்தவராகவோ மிகவும் கோபம் கொண்டவராகவோதான் இருக்கிறார். திருப்தியோடு எழுந்து போகிறவரின் குரல் அந்தச் சராசரியில் சேர்வதே இல்லை.

இதெல்லாம் வெறும் மன வருத்தத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில உணவகங்களின் வருவாயை யெல்ப் என்ற மதிப்புரைத் தளத்தின் மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்பது அதன் முடிவு. அந்த விளைவு கிளைகள் இல்லாத தனிக் கடைகளில்தான் தெரிந்தது. கிளைகள் பரப்பிய சங்கிலி உணவகங்களில் தெரியவில்லை. அவர் கணக்கிட்ட முறையும் கவனிக்கத்தக்கது. அந்தத் தளம் சராசரியை அரை நட்சத்திர அளவுக்கு முழுமையாக்கிக் காட்டியதால், 3.24 வாங்கிய கடை 3 என்றும் 3.25 வாங்கிய கடை 3.5 என்றும் தெரிந்தன. சமையலில் ஏறத்தாழ ஒரே தரத்தில் நின்ற இரு கடைகள், ஒரு நூலிழை வித்தியாசத்தால் வெவ்வேறு வருவாய் பெற்றன. பெயர்ப் பலகையை வைத்தே ஆள் வரும் பெரிய நிறுவனத்துக்கு இந்த எண் ஒரு பொருட்டில்லை. சந்தில் இருப்பவருக்கு அதுவே வாடகைப் பணம்.

நட்சத்திரம் என்ற சொல்லுக்கு உணவு உலகில் முன்பு வேறொரு பொருள் இருந்தது. 1900-இல் வாகன ஓட்டிகளுக்கான கையேடாகத் தொடங்கிய மிஷலின், 1926-இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் தரத் தொடங்கி, 1931-இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலையைக் கொண்டுவந்தது. அதன் ஆய்வாளர் தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல் போய், பணம் கொடுத்துச் சாப்பிட்டு, தட்டில் வந்ததை மட்டும் எடைபோட வேண்டும் என்பது முறை. அந்த முறைமீதும் குறை சொல்ல நிறைய உண்டு, ஆனால் மதிப்பிட்டவர் சாப்பிட்டிருக்கிறார் என்ற உத்தரவாதமாவது இருந்தது. இணைய மதிப்பீட்டில் அதுவும் இல்லை என்பதை 2017-இல் லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் மெய்ப்பித்துக் காட்டினார். தன் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று ட்ரிப்அட்வைசர் என்ற மதிப்புரைத் தளத்தில் பதிந்து, போலி மதிப்புரைகளை எழுத வைத்து, அந்நகரத்தின் முதல் இடத்துக்கே அதைக் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தக் கொட்டகை உணவகமாகத் திறக்கப்படாமலேயே முதலிடம் பெற்றது.

இனி நியாயமாகவும் பேச வேண்டும், ஏனென்றால் இந்தச் செயலி எனக்குக் கொடுத்ததும் கொஞ்சநஞ்சமில்லை. நான் எதிர்பாராமல் கிடைத்த பெரிய மகிழ்ச்சி, மற்றவர்கள் ஏற்றி வைத்திருக்கும் புகைப்படங்கள். அழகாக எடுத்த தட்டுப் படங்களைச் சொல்லவில்லை. யாரோ ஒருவர் அவசரமாக எடுத்த விலைப்பட்டியல் படம், கரும்பலகையின் படம், பின்னால் தெரியும் அடுத்த மேசையின் படம் ஆகியவற்றையே சொல்கிறேன். அவற்றைத் தேதி வரிசையில் பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு கடையின் வாழ்க்கை விரிந்துவிடும். ஐந்து உணவு மட்டும் எழுதிய கடையில் மறு ஆண்டு நாற்பது இருந்தால், அங்கே ஏதோ சரியில்லை என்று புரியும். விலையின் மேல் சின்னத் தாள் ஒட்டி, அதன் மேல் மறுபடியும் ஒட்டியிருந்தால், அந்த ஆண்டுகள் அவர்களுக்கு எப்படிப் போயிருக்கும் என்பதும் புரியும். மேசையில் தனியாக வந்த முதியவர்கள் இருவராவது தெரிந்தால் நான் தயங்காமல் போய்விடுவேன், இதுவரை ஏமாந்ததில்லை. இடங்களைச் சேமித்து நம் குறிப்பை எழுதி வைக்கும் வசதியும் அருமை. என்னிடம் இப்போது இருநூற்றுக்கும் மேற்பட்ட குறிப்புகள் உள்ளன. எந்த நாளில் எது நன்றாக இருக்கும், எந்த நேரத்தில் கூட்டம் குறையும், யாரிடம் கேட்டால் பட்டியலில் இல்லாததும் கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. திறக்கும் நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம், தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸின் ஜோனதன் கோல்ட், தம் இருபதுகளின் தொடக்கத்தில், பீகோ பூல்வார்டு என்ற நீண்ட நகரச் சாலையின் உணவகங்கள் ஒவ்வொன்றிலும் சாப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்து நடந்தவர். பின்னாளில் 2007-இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் உணவக விமர்சகரும் அவரே. நல்லதை மட்டும் தேடாமல் வரிசையாகப் போனதால்தான், யாரும் எழுதாத குடியேறிகளின் சின்னக் கடைகள் அவர் கண்ணில் பட்டன. ஃபில்டரை எடுத்த பிறகு நானும் என் தெருவில் இதையே செய்தேன். பதினொன்றில் மூன்று கடைகளுக்கு மறுபடி போக மாட்டேன். ஐந்து பரவாயில்லை. மூன்று, என் வாரத்தின் பகுதியாகவே ஆகிவிட்டன.

இந்த அளவில் நிறுத்தி, "ஃபில்டரை மட்டும் போடாமல் பயன்படுத்துங்கள், நல்ல செயலி" என்று நண்பருக்கு எழுதுவதாகத்தான் இருந்தேன். சந்துக் கடையின் இணைப்பையும் சேர்த்து அனுப்பலாம் என்று நேற்று அதைத் தேடி எடுத்தபோது, பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று இருந்தது. பக்கத்திலேயே 3.6. நேரில் போய்ப் பார்த்தேன், பலகையைக் கழற்றியிருந்தார்கள். எண்ணால்தான் மூடினார்கள் என்று நான் சொல்லவில்லை. வாடகையோ, உடல்நலமோ, எதுவும் இருக்கலாம். ஆனால் நான்கு ஆண்டுகள் வாரம் இருமுறை அங்கே சாப்பிட்ட நான், என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் எழுதிய நான், பதினைந்தாவது மதிப்புரையை எழுதவே இல்லை. ஒரே ஒரு 5 அந்த எண்ணை 3.7 ஆக்கியிருக்கும்.

ஆகவே நண்பரே, மேலே பாராட்டியவை அனைத்தும் உண்மையாகவே இருக்கட்டும், முதல் மூன்று மாதங்களுக்கு அந்தச் செயலியைப் புது ஊரில் திறக்காதீர்கள். உங்கள் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒவ்வொரு கடையிலும் சாப்பிடுங்கள். அதன் பிறகு நிறுவினால், பதினைந்து மதிப்புரைகூட இல்லாத இடங்களுக்கு முதலில் எழுதுங்கள். நான் இன்று காலை ஏழு கடைகளுக்கு எழுதினேன். இன்னும் முப்பது போல மிச்சம் இருக்கின்றன.