நாலடி உயரத்தில் ஒரு சட்டம்: மரவீட்டில் ஆறு வருடம்

கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறைப் பக்கம் மச்சான் இடம் வாங்கியிருக்கிறார். முழு மரத்தடிகளை அடுக்கி வீடு கட்டப் போகிறாராம். மலை தெரிகிற பக்கம் முழுக்கக் கண்ணாடியாம். வரைபடத்தை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, "மாப்ள, நீங்கதான் ஆறு வருஷமா மரவீட்ல இருக்கீங்க. உள்ளதைச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். அதற்கு முந்தின நாள்தான் தெருப் பையன் அடித்த சிக்ஸரில் எங்கள் பெரிய ஜன்னலின் கீழ்க்கண்ணாடி மொத்தமும் கற்கண்டு மாதிரி உதிர்ந்திருந்தது. அதனால் பதிலில் கொஞ்சம் காரம் இருக்கும், மச்சான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிற மண்டபம் ஊருக்கு மேற்கே, வடகடல் பக்கம். தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே இருக்கிற பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். நமக்கு வாய்த்தது சாதுவான பெண்கடல். கடற்கரை விதிப்படி நன்றாகத் தள்ளித்தான் கட்டினேன், வாசலில் அலை அடிக்கும் என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம். தூணும் உத்திரமும் பனை. பனையை வெட்ட இப்போது ஆட்சியர் அனுமதி வேண்டும். எனக்குப் பழைய வீடு ஒன்றை இடித்த இடத்தில் வைரம் பாய்ந்த உத்திரங்கள் கிடைத்தன. அதில் இன்றுவரை ஒரு ஆணியைச் சுலபமாக அடித்ததில்லை, கரையானும் முயற்சி செய்ததாகத் தெரியவில்லை.

சுவர் தேக்குப் பலகை. வேலை செய்தவர் படகு கட்டுகிற ஆசாரி. வீடு கட்டிப் பழக்கமில்லை என்று முதலில் மறுத்தவர், அப்புறம் "கவுத்துப் போட்ட படகுன்னு நினைச்சுக்கிறேன் தம்பி" என்று வந்தார். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் பூசிக் கலப்பத்து அடித்தார். ஆறு வாடைக்காலம் போய்விட்டது, சுவர் வழியாக ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை. மழை நாளில் வீட்டுக்குள் லேசாகக் குங்கிலிய வாசனை வரும். அதற்காகவே இந்த வீட்டை மன்னிக்கலாம்.

ஆனால் ஜன்னல் நடுவில் ஓடுகிற அந்த மரச் சட்டத்தை மன்னிக்க முடியாது.

கடல் பார்த்த ஜன்னல் ஆறடி அகலம், ஆறடி உயரம். தரையிலிருந்து ஒன்றரை அடியில் ஆரம்பிக்கிறது. ஒரே கண்ணாடியாகப் போட்டால் விலையும் எடையும் ஏறும் என்று இரண்டாகப் பிரித்தோம். கீழே இரண்டரை அடி, மேலே மூன்றரை அடி. நடுவில் மூன்று அங்குலக் குறுக்குச் சட்டம். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சட்டம் நிற்பது சரியாக நாலடியில். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்த என் கண்ணும் தரையிலிருந்து நாலடி.

தொடுவானம் எப்போதும் பார்க்கிறவர் கண் மட்டத்தில்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாமல் இல்லை, பள்ளிக்கூடத்தில் படம் வரையும்போதே சொல்லிக்கொடுத்தார்கள். ஆனாலும் அஸ்திவாரத்தை மூன்றடி உயர்த்தினால் கடல் கொஞ்சம் கீழே தெரியும் என்று நம்பினேன். உயர்த்தினேன். கடலும் கூடவே ஏறி வந்துவிட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளினாலும் முன்னால் இழுத்தாலும் வானமும் கடலும் சேர்கிற இடத்தில் அந்த மரக்கட்டை. மேலே பார்த்தால் வானம், கீழே பார்த்தால் தண்ணீர், நடுவில் தேக்கு. நாற்காலிக் கால்களுக்கு நாலு அங்குலக் கட்டை கொடுத்துப் பார்த்தேன். கால் தரையில் பாவாமல் கல்யாண மேடையில் உட்கார வைத்த சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. என் மனைவி என்னைவிடக் குள்ளம். அவளுக்குச் சட்டத்துக்குக் கீழே எல்லாம் நன்றாகத் தெரிகிறதாம். "கொஞ்சம் சாஞ்சு உட்காருங்களேன்" என்பாள். சொந்த வீட்டில் ஒரு மனுஷன் எத்தனை நாள் சாய்ந்து உட்காருவது?

மற்றவை எல்லாம் சின்ன வலிகள். ஜன்னல் கீலுக்கு 304 என்கிற ரகத் துருப்பிடிக்காத எஃகு போதும் என்றார் கடைக்காரர். முதல் வாடையிலேயே டீக்கறை மாதிரி புள்ளி விழுந்தது. உப்புக்காற்றுக்கு 316 ரகம்தான், விலையைப் பார்க்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கண்ணாடியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை உப்பு பூத்துவிடும். கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் அதன் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஆகவே குழாயில் வருகிற காவிரித் தண்ணீரில் ஒரு வாளி. தண்ணியில்லாக் காடு என்று ஊரே சொல்கிற ஜில்லாவில் குடிதண்ணீரை எடுத்துக் கண்ணாடி கழுவுகிறவனைத் தெருவில் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

வடக்கு பார்த்த ஜன்னலுக்கு வெயில் வராது என்றும் ஒருவர் சொன்னார். இங்கே நாம் ஒன்பது டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் நடுவில் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போனால் ஆகஸ்ட் கடைசியில்தான் தெற்கே திரும்பும். மே மாதம் காலையிலும் சாயங்காலமும் சாய்வாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கொடைக்கானலும் பத்து டிகிரிதான் மச்சான், குளிர் இருப்பதால் அங்கே அதை வரவேற்பீர்கள்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். மலை, கடல் மாதிரி கண் மட்டத்தில் ஒரு கோடாக நிற்காது. சிகரத்துக்கு அண்ணாந்து பார்க்க வேண்டும், பள்ளத்தாக்குக்குக் குனிந்து பார்க்க வேண்டும். உங்கள் இறவாரம், அதாவது சுவரைத் தாண்டி நீளுகிற கூரை விளிம்பு, மூன்றடி நீட்டியிருக்கிறது. அது இல்லாவிட்டால் மழையில் மரத்தடி ஊறி உளுத்துவிடும். ஆனால் காட்சிப் பக்கம் அது தாழ்ந்து இறங்கினால் உட்கார்ந்தவருக்குச் சிகரம் வெட்டுப்படும். கூரையைத் திருப்பிப் போட்டு, முக்கோண முகப்பு மலையைப் பார்க்கிற மாதிரி வைத்தால் கூரை உச்சி வரைக்கும் கண்ணாடி ஏறும், இறவாரங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிவிடும். வெளித்திண்ணையின் கைப்பிடிக் கிராதியும் கவனிக்க வேண்டியது. உட்கார்ந்தால் பள்ளத்தாக்கை மறைப்பது அதுதான். அப்புறம், அடுக்கிய மரத்தடி காயக் காயக் குறுக்குவாட்டில் சுருங்கும், சுவரே சில அங்குலம் இறங்கும். ஜன்னல் நிலைக்கு மேலே இடைவெளி விடாவிட்டால் பாரம் முழுக்கக் கண்ணாடியில் உட்காரும். இன்று சரியாக வைத்த சட்டம் நாளைக்கு எங்கே இருக்கும் என்பதையும் ஆசாரியிடம் கேளுங்கள். வரைவதற்கு முன்னால் ஒரு நாற்காலியைக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போய் உட்காருங்கள். இரண்டு குச்சி நட்டு, சட்டம் வரப்போகிற உயரத்தில் கயிறு கட்டிப் பாருங்கள். நான் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான்.

மொத்தத்தில்? சுவர் நல்லது, தூண் நல்லது, தூக்கம் நல்லது. இருந்தாலும் மரவீடு கட்டாதீர்கள் மச்சான், செங்கல்லில் கட்டுங்கள். இன்றைக்கு என் மனநிலை அப்படித்தான் இருக்கிறது.

கண்ணாடிக்குத் திரும்புகிறேன். டஃபன் செய்த, அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடியை வெட்ட முடியாது, ஆகவே பழைய அளவில் இரண்டரை அடிக்குப் புதிதாகச் சொன்னோம். அதைப் பொருத்த வந்த ஆசாரி ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டையும் மேல கீழ மாத்திப் போட்டுட்டா என்ன தம்பி?" என்றார். பெரியது கீழே, சின்னது மேலே. சட்டம் ஐந்தடிக்குப் போய்விடும். அரை நாள் வேலை. ஆறு வருடமாக எனக்கு இது தோன்றவில்லை.

சட்டத்தைக் கழற்றி வைத்த அந்த மத்தியானம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில். மே மாதப் புழுக்கத்தில் வானமும் கடலும் ஒரே வெள்ளையாக இருந்தன. கோடு என்று ஒன்று எங்கேயும் இல்லை. ஆசாரி உளியைத் துடைத்துக்கொண்டே, "தெரியுதா?" என்றார். தெரியுது என்றேன்.

மறுநாள் காலை காபியோடு வந்து ஜன்னல் முன்னால் நின்ற என் மனைவி, ஒருமுறை எட்டிப் பார்த்தாள், ஒருமுறை குனிந்து பார்த்தாள்.

"நான் நின்னுக்கிட்டுப் பாக்குற ஆளுன்னு உங்களுக்குத் தெரியாதா?"