பலூன் கடை ஏர்கன்னுக்கு நான் வாங்கிய சாமான்கள்

போன வருசம் திருநெல்வேலியில் ஆனித் தேரோட்டம் முடிந்த கையோடு, பொருட்காட்சித் திடலில் பலூன் சுடும் கடை போட்டிருந்த அண்ணாச்சியிடம் 1,200 ரூபாய் கொடுத்து ஒரு பழைய ஏர்கன் வாங்கினேன். ஸ்பிரிங் செத்துப்போன துப்பாக்கி. ஸ்பிரிங்கை அமுக்கக் குழலை மடக்கினால் கீல் லொடலொடவென்று ஆடும். கட்டையில் விரிசல், அதன்மேல் சைக்கிள் டியூப் சுற்று. "இத வச்சிக்கிட்டு என்னவே செய்யப் போறீரு?" என்று அவரே கேட்டார்.

என் மகள் பத்தாவது படிக்கிறாள். 10 மீட்டர் ஏர் ரைபிளில் அவளுக்குப் பைத்தியம். கடலூரில் பிறந்த ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் படம் அவள் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. போட்டியில் சுடுகிறவர்கள் வைத்திருப்பது ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ் என்று ஜெர்மன்காரன் செய்தது. விலை லட்சங்களில். நான் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். வீட்டில் குறி பார்த்துப் பழக ஒன்று இருந்தால் போதும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன். இந்த ஒரு வருசத்தில் எதற்குக் கொடுத்த காசு உருப்பட்டது, எது தண்டம் என்று எழுதி வைக்கிறேன். நம்ம ஊர்ப் பக்கம் யாராவது இதே கிறுக்கில் இருந்தால் உதவும்.

முதலில் குழல். பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் மடக்கிப் பிடித்துக் குழலுக்குள் வெளிச்சம் பார்க்க வேண்டும். உள்ளே முறுக்கு வரி சுருண்டு போவது தெரிந்தால் வாங்கலாம். வழுவழுவென்று இருந்தால் அது பலூனோடு சரி, அட்டையில் குறி பார்க்க ஆகாது. என்னுடையதில் வரி இருந்தது, பத்து வருச அழுக்குக்கு அடியில். அளவு 4.5 மி.மீ. இன்னொன்றும் பார்த்தேன்: மேல் முதுகில் சைட் மாட்டுவதற்கான 11 மி.மீ. காடி. அது இல்லையென்றால் குறிவைக்கும் சாமான் எதையும் மாட்ட முடியாது. காற்று அமுங்கும் குழாயில் ஓட்டை போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஓட்டை விழுந்த குழாயில் காற்று நிற்காது. குழல் நுனியில் குறி பார்க்க இருந்த முனை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தேய்மானம் என்று நினைத்தேன். அப்படி இல்லை என்று பின்னால் தெரிந்தது.

ஸ்பிரிங்கில்தான் முதல் தண்டம். ஆன்லைனில் 'பவர் கிட்' என்று ஒன்று, 950 ரூபாய். படத்தில் ஒரு புலி வேறு. வந்தது. மாட்டுவதற்கே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. (கிளாம்ப் இல்லாமல் ஏர்கன்னைப் பிரிக்காதீர்கள். அமுங்கி உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங் மூடி கழன்றதும் முகத்துக்கு வரும். ஆசாரியிடம் பலகை ஒட்டும் நீளக் கிளாம்பைக் கடன் வாங்கித்தான் நான் பிரித்தேன்.) மாட்டிச் சுட்டால் துப்பாக்கி கழுதை மாதிரி உதைக்கிறது. பிள்ளை குழலை மடக்க முடியாமல் முழங்காலில் வைத்து மடக்கினாள். 10 மீட்டரில் ஐந்து சூடு அட்டை முழுக்கச் சிதறியது.

அப்புறம்தான் யோசித்தேன். ஒலிம்பிக்கில் சுடுகிற ரைபிளின் குண்டு அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல், வேகம் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர். கணக்குப் போட்டால் ஏழெட்டு ஜூல் சக்திதான் வரும். அட்டையில் ஓட்டை போட அது போதும். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் பத்து மீட்டரில்தான். நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், கறுப்பு வட்டம் முழுக்கச் சேர்த்து 30.5 மி.மீ. இதற்குப் பலம் எதற்கு? ஸ்பிரிங் துப்பாக்கியில் குண்டு குழலை விட்டுப் போவதற்குள்ளேயே பிஸ்டன் ஓடித் துப்பாக்கியை முன்னும் பின்னும் உலுக்கிவிடுகிறது. பலம் கூடக் கூட உலுக்கலும் கூடும், குறி தவறும். புலியைக் கழற்றிப் பரணில் போட்டேன். அதே அளவில் சாதா ஸ்பிரிங் 280 ரூபாய்க்கு வாங்கினேன். பிள்ளை ஒரே இழுப்பில் மடக்கினாள்.

ஸ்பிரிங்குக்குள்ளே ஒரு கம்பி இருக்கும், ஸ்பிரிங் கோணாமல் தாங்குவதற்கு. பழையது மெலிந்த தகட்டுக் குழாய். சுட்டதும் 'டொய்ங்' என்று கிணற்றுக்குள் தகரம் விழுந்த மாதிரி சத்தம். அதற்குப் பதிலாக நைலானில் இறுக்கமாக ஒன்று கடைய வேண்டும். பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குத் துப்பாக்கியையே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அது என் மடத்தனம். பட்டறைக்காரர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு ஷட்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதியும். இந்த மாதிரி சாமானெல்லாம் இங்கன கொண்டுவரக் கூடாது. நாளைக்குப் போலீஸ் வந்து நின்னா நீரா பதில் சொல்வீரு?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏர்கன்னை உடைத்து நாட்டுத் துப்பாக்கி பண்ணித் தா என்று கேட்கிறவன் உண்டு. அப்படி மாற்றுவது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். குழலைத் துளைத்து அகலப்படுத்துவது, வெடிமருந்து போகிற மாதிரி செய்வது எல்லாம் அதில் வரும். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர்கன் என்றால் 2016 விதிகளின்படி உரிமம் வேண்டாம். அந்த எல்லைக்குள் பாதிகூட நான் போகப் போவதில்லை என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. மறுநாள் ஸ்பிரிங்கையும் பழைய கம்பியையும் மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். "இதைச் சொல்ல வேண்டியதுதான" என்று அரை மணி நேரத்தில் கடைந்து கொடுத்தார். ஸ்பிரிங்கில் நுழைத்தால் கையால் அழுத்தினால்தான் போகிறது, அவ்வளவு சுத்தம். 350 ரூபாய். அந்த 'டொய்ங்' போய் 'தட்' என்று ஆகிவிட்டது. கீல் ஆட்டத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய வாஷர் வெட்டிப் போட்டதும் அவர்தான், அதற்குக் காசு வாங்கவில்லை. வேலைக்கு முழு மார்க். பேச்சுக்கும் முழு மார்க்தான், முதல் நாள் பேச்சையும் சேர்த்து.

பிஸ்டன் முனைத் தோல் வாஷருக்கு நான் எங்கெங்கோ அலைந்தேன். கடைசியில் ஜங்ஷன் பக்கம் ஒரு செருப்புத் தைக்கும் பெரியவர் செய்து தந்தார். பழைய வாஷரைப் பார்த்ததுமே, "சைக்கிள் பம்பு கிண்ணம் மாதிரி கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான?" என்றார். தோலை நனைத்து ஒரு குழாய் மூடிக்குள் அழுத்தி, போல்ட் போட்டு இறுக்கி, இரண்டு நாள் காய வைத்து விளிம்பைச் சீவினார். 60 ரூபாய் கேட்டார், நூறு கொடுத்தேன். விளக்கெண்ணெயில் ஊறப்போடச் சொன்னார். நான் ஊறியதைத் துடைக்காமல் அப்படியே மாட்டிவிட்டேன். முதல் சூட்டிலேயே டமார் என்று சத்தம், குழல் வாயில் புகை. பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்தார்கள். டீசல் இஞ்சினில் நடக்கிற அதே சங்கதிதான்: காற்று சட்டென்று அமுங்கும்போது சூடாகி எண்ணெயைப் பற்றவைத்துவிடுகிறது. இது துப்பாக்கிக்கும் கெடுதல், பக்கத்தில் நிற்கிறவனுக்கும் கெடுதல். மறுபடி பிரித்து, துடைத்து, ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்து மாட்டினேன். அதற்கப்புறம் புகை இல்லை. காற்று ஒழுகுகிறதா என்று பார்க்க, குழல் சேருகிற இடத்தில் ஒரு துண்டு டிஷ்யூ தாளை வைத்துச் சுட்டுப் பாருங்கள். தாள் துள்ளினால் அங்கே இருக்கிற ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும். சும்மா குண்டு போடாமல் மட்டும் சுடாதீர்கள், பிஸ்டன் போய் முட்டி உடையும்.

இனி முக்கியமான செலவு, பீப் சைட். பின்னால் ஊசி ஓட்டை மாதிரி ஒரு துளை, முன்னால் குழாய்க்குள் ஒரு வளையம். துளை வழியாகப் பார்த்தால் வளையத்துக்குள் கறுப்பு வட்டம், அதைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும். கண் தானாக நடுவைத் தேடிக்கொள்ளும். முன்னால் உள்ள முனையையும் பின்னால் உள்ள வெட்டுப் பள்ளத்தையும் சேர்த்துப் பார்க்கிற பழைய முறையில் என் மகள் அரை மணியில் கண் வலிக்கிறது என்பாள். இதில் ஒரு மணி நேரம் சுடுகிறாள். இரண்டும் சேர்த்து 2,900 ரூபாய். ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கினேன், பெயர் வேண்டாம். சாமான் நல்லது, திருகும்போது ஒவ்வொரு கிளிக்கும் விரலில் தெரிகிறது. ஆனால் முன் வளையங்கள் நாலு இருக்கும் என்று போட்டுவிட்டு இரண்டுதான் அனுப்பினான். போன் செய்தால், "ஸ்டாக் வந்ததும் அனுப்புகிறோம்." எட்டு மாசமாக அந்த ஸ்டாக் வந்துகொண்டே இருக்கிறது.

இன்னொரு குறை அதன்மேல் சொல்ல முடியாது, என் துப்பாக்கியின் குணம். இருபது சூட்டுக்கு ஒருமுறை பின் சைட் காடியில் நகர்ந்து பின்னால் வந்துவிடும். திருகை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, உலுக்கல் அப்படி. ஸ்டாப்பர் என்று ஒரு சின்னக் கட்டி விற்கிறான், 220 ரூபாய். சைட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து மாட்டினால் அசையாது. சைட் வாங்கும்போதே இதையும் சேர்த்து வாங்குங்கள். நான் இரண்டு மாசம் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவள் கை நடுங்குகிறது என்று.

கட்டைக்கு அம்பாசமுத்திரம் ரோட்டில் ஒரு ஆசாரி. நான் தேக்கு என்றேன். அவர் கேட்கவே இல்லை. "தேக்கு நெலைக்கும் சன்னலுக்கும் வச்சுக்கிடுங்க. உதை வாங்குத சாமானுக்குப் பூவரசுதான். வண்டிச் சக்கரத்துக்கு எங்க அப்பா அதத்தான் போடுவாவ" என்றார். காய்ந்த பூவரசத் துண்டு ஒன்றை எடுத்து, பிள்ளையை வரச் சொல்லி, துப்பாக்கியைத் தோளில் வைக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் சாய், பிறகு கண்ணைத் திற என்றார். திறந்தால் துளைக்கு அரை இஞ்சு மேலே கண். பென்சிலால் கோடு போட்டார். இப்படி மூன்று முறை நாங்கள் போய் வந்தோம். ஒவ்வொரு முறையும் ஒரு இழைப்பு, ஒரு சீவல். தையல்காரன்கூட இவ்வளவு அளவெடுத்து நான் பார்த்ததில்லை. துப்பாக்கி அவர் கையில் அதுவரை ஏறியதே கிடையாது. 1,800 ரூபாய். செலவு செய்ததிலேயே மனசு நிறைந்தது இதுதான். சைட்டை மட்டும் மாற்றியபோது வந்த முன்னேற்றத்தைவிட, கன்னம் ஒரே இடத்தில் உட்கார ஆரம்பித்த பிறகு வந்தது அதிகம்.

விசையை நான் தொடவில்லை. கனமாகத்தான் இருக்கிறது. ஏர் பிஸ்டலுக்கு விசை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்று போட்டியில் விதி இருக்கிறது, ரைபிளுக்கு அந்த விதி இல்லை, அதனால் அவர்களுடையது தொட்டால் சுடும். நமக்கு அது வேண்டாம். உள்ளே கொக்கியை அரத்தால் தேய்த்து லேசாக்கலாம் என்று சொல்வார்கள். குழல் மடங்கியிருக்கும்போது கொக்கி நழுவினால் குழல் அடித்து மூடும், குண்டு வைக்கிற விரல் அங்கேதான் இருக்கும். பிள்ளை சுடும்போதெல்லாம் நான் பக்கத்தில் நிற்பேன். குண்டு வைத்து முடிகிற வரை ஒரு கை குழலைப் பிடித்திருக்க வேண்டும், இது எங்கள் வீட்டுச் சட்டம்.

சுடுகிற இடம் எங்கள் டவுன் வீடுதான். ரயில் பெட்டி மாதிரி நீளம். பட்டாசலில் நின்றால் அடுக்களை தாண்டிப் புறவாசல் சுவர்வரை ஒரே நேர்கோடு, பத்து மீட்டருக்கு மேலேயே வரும். சுடும் நேரத்தில் புறவாசல் கதவுக்குத் தாழ்ப்பாள், அடுக்களைக்கு விடுமுறை. அட்டைக்குப் பின்னால் இரும்புத் தகடு போட்ட பெட்டி, அதில் காருகுறிச்சியில் குயவர் வீட்டில் வாங்கிய பானைக் களிமண். ஈயக் குண்டு அதில் புதைந்துவிடும், தெறிக்காது. வாரம் ஒருமுறை தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். தட்டை முனைக் குண்டுதான் வாங்குகிறோம், அது அட்டையில் வட்டமாக ஓட்டை போடும், மார்க் எண்ண எளிது. ஈயம் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு.

ஏர்கன் இருக்கிறது என்று தெரிந்ததும் சொந்தக்காரப் பையன் ஒருத்தன், பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளம் பக்கம் போய்க் கொக்கு சுடுவோமா மாமா என்று கேட்டான். அந்த ஊர்க்காரர்கள் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைத் தூக்கி வளர்க்கிறவர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் அப்புறம், முதலில் அவர்களே இவனைக் கட்டி வைப்பார்கள். அவனுக்கு இன்னும் துப்பாக்கியை நான் தொடக் கொடுக்கவில்லை.

இப்போது நிலவரம்: ஐந்து சூடு பழைய நாலணாக் காசுக்குள் விழுகிறது, நல்ல நாளில். இந்த ஆனிக்குப் பலூன்காரர் மறுபடி வந்திருந்தார். அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டினேன். மூன்று சூடு சுட்டார், மூன்றும் கறுப்புக்குள். துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தச் சாய்ந்த முனையைப் பற்றி அப்போதுதான் கேட்டேன். "நாந்தான் வளச்சி விட்டேன். நேரா இருந்தா எல்லாப் பயலும் பலூன ஒடச்சிட்டு சோப்பு டப்பாவ வாங்கிட்டுப் போயிருவான், கட்டுப்படியாவுமாவே?"

கட்டையின் பின் முனைக்கு ஒரு ரப்பர் பட்டை பாக்கி. தோளில் வழுக்குகிறது என்கிறாள். ஜங்ஷன் பெரியவரிடம் டயர் ரப்பர் சொல்லி வைத்திருக்கிறேன்.