பெங்களூரில் ரீலோடிங் பிரஸ் விற்கிறோம் என்று வருகிறவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கிற, கிளப்புக்குப் போய்ச் சுடுகிற தமிழ் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். ரீலோடிங் பிரஸ் என்பது சுட்ட தோட்டாவின் காலி உறையில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றிப் புதுத் தோட்டா ஆக்குகிற கை மெஷின். வீட்டிலேயே தோட்டா ரீலோட் செய்யலாம், அமெரிக்க மெஷின், லைசென்ஸே வேண்டாம் என்று வாட்ஸாப் குழுக்களில் ஒரு கூட்டம் சுற்றுகிறது. என்னிடம் அட்வான்ஸ் வாங்கி ஏமாற்றியது அவர்கள்தான். புகார் நடப்பில் இருப்பதால் பெயர், நம்பர் எதையும் போடவில்லை. ஆனால் எப்படிப் பேசுவார்கள், என்ன காட்டுவார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அடையாளம் கண்டுகொள்ள அது போதும்.

பேசியவர் வேலூர்ப் பக்கம் என்றார், வாய்க்கு வாய் "அண்ணா". டல்லாஸிலிருந்து திரும்பி வந்த ஒருவர் வீட்டுச் சாமான்களோடு கொண்டுவந்த பிரஸ், ஆர்சிபிஎஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ராக் சக்கர் மாடல், வார்ப்பிரும்பு பாடி, உறையை அளவுக்குக் கொண்டுவரும் அச்சுகளான டை செட்டும் உண்டு, என் .22 ரைஃபிளுக்கும் ஆகும், மைத்துனரின் 32 ரிவால்வருக்கும் ஆகும் என்றார். "இது சும்மா இரும்பு மெஷின்ணா, இதுக்கு யாரு லைசென்ஸ் கேப்பாங்க?" அதையும் மீறிக் கேட்டபோது, அனுமதிக் கடிதம் இருக்கிறது, நேரில் காட்டுகிறேன், அதுவரை மெஷினை வேறு யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைக்க அட்வான்ஸ் போடுங்கள், காகிதம் சரியில்லை என்றால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று மெசேஜிலேயே எழுதிக் கொடுத்தார். அந்த நிபந்தனையில்தான் பணம் போனது.

கலாசிபாளையம் பக்கம் ஒரு குடோனில் மெஷினைக் காட்டினார்கள். ஆர்சிபிஎஸ் மெஷின்கள் பச்சை நிறம், அதனால் இதற்கும் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள், வாசனைகூடப் போகவில்லை. காந்தம் கொண்டுபோயிருந்தேன். உள்ளே ஏறி இறங்கும் ராமில் ஒட்டியது, பாடியில் ஒட்டவில்லை. வார்ப்பிரும்பு என்றால் ஒட்டியே ஆக வேண்டும், ஆகவே அது அலுமினியம். ராக் சக்கர் நாலு பக்கமும் மூடிய ஓ வடிவச் சட்டம், இவர்கள் காட்டியது முன்பக்கம் திறந்த சி வடிவம், நெம்புகோலை அழுத்தினால் வாய் லேசாக விரிவது கண்ணுக்கே தெரிந்தது. அப்படி விரிந்தால் டைக்கு நேராக உறை ஏறாது. டைகளின் மரையும் மெஷினின் மரையும் பொருந்தவில்லை. பொதுவான டைகளுக்கு எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை என்று ஒரே அளவுதான், அதுகூட இல்லாததை செட் என்று விற்கிறார்கள்!

அதைவிடப் பெரிய பொய் .22 விஷயம். நம் கிளப்புகளில் பெரும்பாலும் ஓடுவது .22 ரிம்ஃபயர் தோட்டா. அதில் தீப்பற்ற வைக்கும் மருந்து உறையின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, சுடும்போது ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கிவிடுகிறது. நடுவில் தனியாக பிரைமர் என்ற தீப்பற்ற வைக்கும் சின்ன மூடி இருக்கும் சென்டர்ஃபயர் தோட்டாவைப் போல பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்த அங்கே ஒன்றும் கிடையாது. இந்த வகை பிரஸ் எதிலும் அது ரீலோட் ஆகாது. 12 போர் துப்பாக்கியால் பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டிக்காரர்களுக்கும் இதையே விற்கப் பார்த்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அதன் பிளாஸ்டிக் உறைக்கு அமெரிக்காவில் மெக் போன்ற கம்பெனிகள் செய்கிற தனி மெஷின் இருக்கிறது, இது வேறு.

அப்புறம் தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்துப் பவுடர். "பிரைமர், பவுடர் எல்லாம் நாங்களே ஏற்பாடு பண்ணுறோம்ணா" என்று லேபிளே இல்லாத ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். பவுடரை கிரெய்ன் கணக்கில் அளக்கிறார்கள், ஒரு கிரெய்ன் என்பது சுமார் 0.065 கிராம், அவ்வளவு நுணுக்கம். எந்த வகைப் பவுடர் என்றே தெரியாமல் அதைத் தோட்டாவில் போட்டால் சிலிண்டர் வெடிக்கலாம், வெடிப்பது ரிவால்வரைப் பிடித்திருக்கிறவர் கையில்தான். என் மைத்துனருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அந்த பாட்டிலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

காட்டிய அனுமதிக் கடிதம் ஏதோ ஒரு கிளப்பின் லெட்டர்ஹெட் நகல். அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 2-இல் தோட்டா என்பதற்கான விளக்கத்திலேயே, தோட்டாவின் பாகங்களும் தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் அடங்கும். அதாவது அவர்கள் "சும்மா இரும்பு" என்று சொல்கிற பிரஸ்ஸே சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். தயாரிக்கவும் விற்கவும் பிரிவு 5-இன் கீழ் லைசென்ஸ் வேண்டும். நம்மிடம் உள்ள துப்பாக்கி லைசென்ஸ் அதற்குப் போதாது, கிளப் செயலாளர் கையெழுத்தும் போதாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், விற்றால் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். பவுடருக்கு 1884 வெடிபொருள் சட்டம் தனியாக வரும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்லை, விற்பதற்குச் செய்தால்தான் வேண்டும். அங்கே உள்ள சொந்தக்காரர்கள் கராஜில் செய்வதை வீடியோவில் பார்த்துப் பழகிய நம் ஆட்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள்.

மெஷின் வேண்டாம், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் "அண்ணா" போய்விட்டது. "போலீஸுக்குப் போ, தோட்டா மெஷினுக்குப் பணம் போட்டவன் நீதானே, முதல்ல உன் லைசென்ஸ்தான் போகும்" என்றார். வியாபாரமே இந்த மிரட்டலை நம்பித்தான் நடக்கிறது. மெஷின் ஓட்டையாக இருந்தாலும், டை பொருந்தாவிட்டாலும், வாங்கினவர் யாரும் வாயைத் திறக்க மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.

நான் திறந்தேன். வழக்கறிஞரைப் பார்த்து, மெசேஜ்கள், யுபிஐ ரசீது, மெஷினின் படங்கள் எல்லாவற்றையும் கொடுத்து, சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் பேசி, போலீஸில் எழுத்தில் புகார் கொடுத்தேன். பணம் இன்னும் வரவில்லை. என் லைசென்ஸ் என்னிடமே இருக்கிறது, யாரும் பறிக்கவில்லை. இவர்களிடம் பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால் மெசேஜ்களை அழிக்காதீர்கள். மெஷினையே வாங்கி வீட்டில் வைத்திருந்தால், அதை இன்னொருவருக்கு விற்றுக் கைகழுவப் பார்க்காதீர்கள், அந்த விற்பனையும் குற்றம். வேறு இடத்துக்கு மாற்றவும் வேண்டாம், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் போய்ப் பேசுங்கள்.