ஊசியா, மாத்திரையா, சாப்பாடா? பூனையோட தோல் அலர்ஜிக்கு எது எதுக்கு ஈடு

எங்க பூனை பட்டு சொறிஞ்சு நான் பார்த்ததே இல்ல. அதான் முதல்ல ஏமாந்தேன். ஒருநாள் மல்லாந்து படுத்திருந்தப்போ பார்த்தா அடிவயிறு முழுக்க முடியே இல்ல, யாரோ ஷேவ் பண்ணிவிட்ட மாதிரி வழவழன்னு இருக்கு, புண்ணும் இல்ல, சிவப்பும் இல்ல. வயசாயிடுச்சு முடி கொட்டுதுன்னு ஒருத்தர் சொன்னாங்க (வயசு நாலுதான்), டென்ஷன்ல நக்குதுன்னு இன்னொருத்தர் சொன்னாங்க. அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு கட்டிலுக்கு அடியில இருந்து சளக் சளக்னு ஒரு சத்தம், நிக்காம இருபது நிமிஷம். பூனை அரிப்புன்னா இதுதாங்க. நாய் மாதிரி நம்ம முன்னாடி உக்காந்து சொறியாது, ஒளிஞ்சு போய் நக்கும்.

வழுக்கை விழுந்த இடத்துல விரலை எதிர்த்திசையில தடவிப் பாருங்க. ரெண்டு நாள் தாடி மாதிரி குத்துச்சுன்னா முடி தானா உதிரல, பூனையே நக்கி நக்கி ஒடிச்சிருக்கு. டென்ஷன் கதையை நானும் கொஞ்ச நாள் நம்பினேன், ஆனா 2006-ல வந்த ஒரு ஆய்வுல, மனசு காரணமா முடி பிடுங்குதுன்னு சந்தேகப்பட்ட 21 பூனைகளை முழுசா டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்க, அதுல வெறும் மனப் பிரச்சனை மட்டும்னு நின்னது 2 பூனைதான். பெரும்பாலானதுக்கு உடம்புலயே அரிக்கிற காரணம் இருந்துச்சு. அதனால பூனையோட மனசை ஆராயறதுக்கு முன்னாடி தோலை ஆராயுங்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். எல்லாரும் கேக்குற கேள்வி "எந்த மருந்து பெஸ்ட்"ங்கிறதுதான். பூனை அலர்ஜிக்கு முக்கியமா மூணு காரணம்: தெள்ளுப்பூச்சி கடி, சாப்பாடு, வீட்டுல இருக்குற தூசிப்பூச்சி மகரந்தம் மாதிரி சமாச்சாரம். மூணுக்கும் வெளியில தெரியுற அடையாளம் ஒண்ணேதான். முதுகுல கடுகு தூவுன மாதிரி சின்னச் சின்னப் பொருக்கு, கழுத்துலயும் முகத்துலயும் கீறல் புண்ணு, வழுக்கை வயிறு, மேலுதட்டுல குழி மாதிரி ஒரு புண்ணு, இதுல எது வந்தாலும் காரணம் மூணுல எதுவா வேணா இருக்கலாம். படத்தைப் பார்த்து "இது ஃபுட் அலர்ஜி"ன்னு அடிச்சு சொல்றவங்களை நம்பாதீங்க. இதுக்கும் முன்னாடி படர்தாமரையும் சிரங்குப்பூச்சியும் இல்லன்னு கால்நடை டாக்டர்கிட்ட உறுதி பண்ணிக்கணும், ரெண்டுமே அலர்ஜி வேஷம் போடும், படர்தாமரை நமக்கும் ஒட்டும்.

தெள்ளுப்பூச்சி: சொட்டு மருந்தா, காலரா, பவுடரா

"எங்க பூனை வெளியவே போகாது, அதுக்கு எப்படி பூச்சி வரும்"னு நானும் கேட்டேன். நம்ம துணியில வரும், வந்து போற நாய்ல வரும். அதோட பூனை சுத்தக்காரி, உடம்புல ஏறுன பூச்சியை அதுவே நக்கி முழுங்கிடும், நீங்க தேடினா ஒண்ணும் கிடைக்காது, ஆனா கடிச்சப்போ உள்ள போன எச்சில் போதும், அலர்ஜி இருக்குற பூனைக்கு சில கடியே நாள்கணக்கா அரிக்கும். பேன்சீப்பால வாலடியை வாரி, வர்ற கறுப்புத் தூளை ஈர டிஷ்யூல வச்சுப் பாருங்க. செம்பழுப்பா ஊறுச்சுன்னா அது பூச்சி குடிச்சு வெளியேத்துன ரத்தம். ஊறலன்னா பூச்சி இல்லன்னு அர்த்தம் இல்ல, அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

இதுல என் ஓட்டு பிடரியில விடுற ஸ்பாட்-ஆன் சொட்டு மருந்துக்குத்தான். செலமெக்டின் மாதம் ஒரு தடவை, ஃப்ளூரலனர்னா 12 வாரத்துக்கு ஒரு தடவை, விட்டோமா மறந்தோமான்னு இருக்கலாம். ஃப்ளூரலனர் வகைக்கு ஒரு எச்சரிக்கை இருக்கு, வலிப்பு வந்த பூனைன்னா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும். காலர் சில பூனைக்கு ஒத்துக்கும், ஆனா கழுத்துல ஏற்கனவே புண்ணு இருந்தா அதுமேல இன்னொரு உரசல் எதுக்கு. பவுடர், ஷாம்பூ ரெண்டும் அன்னிக்கு இருக்குற பூச்சியைக் கொல்லும், நாளைக்கு பொரிக்கிறதை ஒண்ணும் பண்ணாது, அதோட பூனையைக் குளிப்பாட்டுறதுங்கிறது நமக்கே ஒரு தோல் வியாதி வர்ற வேலை. பூனை மேல நாம பார்க்குற பூச்சி மொத்தத்துல சுமார் 5 சதவீதம்தான், மீதி முட்டையும் புழுவும் கூடுமா பாய்லயும் சோபா இடுக்குலயும் கிடக்கும்னு சொல்லுவாங்க. அதனால வீட்டுல இருக்குற எல்லாப் பிராணிக்கும் சேர்த்து, குறைஞ்சது மூணு மாசம். ஒரு மாசம் போட்டுட்டு "கேக்கல"ன்னு நிறுத்துறவங்கதான் அதிகம்.

ஒண்ணே ஒண்ணு கத்திச் சொல்லணும்: நாய்க்கு வாங்குன சொட்டு மருந்தைப் பாதியா பிரிச்சு பூனைக்கு விடாதீங்க. அதுல பெர்மெத்ரின்ங்கிற பூச்சிக்கொல்லி இருந்தா பூனை நடுங்கி வலிப்பு வந்து செத்தே போகலாம். டீ ட்ரீ ஆயிலும் அப்படித்தான், இயற்கைங்கிறதால பூனைக்கு நல்லதுன்னு ஆயிடாது.

சாப்பாடு: மூணு வழி, மூணுலயும் பொறுமை வேணும்

பூனைக்கு அதிகமா ஒத்துக்காம போறது மாடு, மீன், கோழி. தானியம்தான் காரணம்னு நினைச்சு கிரெயின்-ஃப்ரீ வாங்குறது பெரும்பாலும் வேஸ்ட், உள்ள அதே கோழிதான் இருக்கும். ரத்த டெஸ்ட், எச்சில் டெஸ்ட்னு விக்கிறதை சாப்பாட்டு அலர்ஜிக்கு நம்பவே முடியாது. ஒரே வழி, 8 வாரம் ஒரே சாப்பாடு, அப்புறம் பழைய சாப்பாட்டைத் திரும்பக் குடுத்து அரிப்பு வருதான்னு பார்க்கிறது. இந்த ரெண்டாவது பாதியை யாரும் செய்ய மாட்டாங்க, ஏன்னா பூனை நல்லாயிருக்கும்போது வேணும்னே கெடுக்க மனசு வராது. ஆனா அதைச் செய்யலன்னா சாப்பாட்டால சரியாச்சா, சீசன் மாறுனதால சரியாச்சான்னு கடைசி வரைக்கும் தெரியாது.

முதல் வழி ஹைட்ரோலைஸ்டு உணவு, அதாவது புரதத்தை உடம்பு அடையாளம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குத் துண்டு துண்டா உடைச்சது. டாக்டர் எழுதிக் குடுக்குறது, விலை ஜாஸ்தி, ருசி கம்மி. ரெண்டாவது பூனை இதுவரைக்கும் தொட்டே பார்க்காத கறி, முயல், வாத்து இந்த மாதிரி. ருசிக்கும், ஆனா கடையில சாதாரணமா கிடைக்கிற டப்பாவுல வெளிய முயல்னு போட்டு உள்ள கோழிக் கொழுப்பு கலந்திருக்கும், பின்னாடி இருக்குற பொடி எழுத்தைப் படிக்கணும். மூணாவது வீட்டுலயே வேக வச்சுக் குடுக்குறது. சுத்தமா இருக்கும், என்ன போட்டோம்னு நமக்குத் தெரியும், ஆனா வெறும் கறியில கால்சியம் கிடையாது, வேக வச்ச தண்ணியைக் கொட்டிட்டா டாரின்ங்கிற சத்தும் அதோட போயிடும், டாரின் இல்லாம பூனைக்கு கண்ணும் இதயமும் கெடும். அதனால டாக்டர்கிட்ட கேட்டு சப்ளிமெண்ட் சேர்க்காம எட்டு வாரம் இழுக்காதீங்க.

நான் ஹைட்ரோலைஸ்டுதான் எடுத்தேன். பத்து நாள் பழசோட கலந்து கலந்து மாத்தினேன். பிடிக்கலன்னு பூனை முழுப் பட்டினி கிடந்தா ரெண்டு நாளுக்கு மேல பொறுக்கக் கூடாது, கல்லீரல்ல கொழுப்பு ஏறி உயிருக்கே வம்பு, "பசிச்சா தானா சாப்பிடும்"ங்கிறது பூனைகிட்ட செல்லாது. அஞ்சாவது வாரம் வரைக்கும் எல்லாம் ஒழுங்கா போச்சு, அப்போதான் வீட்டுல ஒருத்தர் "பாவம் மூஞ்சியைப் பாரு"ன்னு தினமும் மீன் துண்டு போட்டுட்டு இருந்தது தெரிஞ்சுது. திரும்ப முதல்ல இருந்து. அதுக்கப்புறம் சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல ஒரு பேப்பர் ஒட்டினேன், எல்லாருக்கும் புரியுற மாதிரி ஒரே வரி: "இவ பொய் சொல்லுவா, நம்பாதீங்க."

அரிப்பை அடக்குறது: இங்கதான் உண்மையான போட்டி

காரணம் தேடுற மாசக்கணக்குல பூனையைப் பிய்ச்சுக்க விட முடியாது, அதனால அரிப்பை அடக்குற மருந்து வேணும். இங்கதான் நான் தப்பு பண்ணேன்.

முதல்ல போன கிளினிக்ல நீண்டநாள் ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க, மெத்தில்பிரெட்னிசலோன் வகை. ரெண்டே நாள்ல மந்திரம் போட்ட மாதிரி நக்குறது நின்னுச்சு. மாத்திரை குடுக்கணும்னு பூனையைத் துரத்த வேண்டாம், கீறல் வாங்க வேண்டாம், நானும் சந்தோஷமா இருந்தேன். அஞ்சு வாரத்துல திரும்ப ஆரம்பிச்சா, திரும்ப ஊசி. அடுத்தது நாலு வாரத்துலயே. நாலாவது ஊசிக்கப்புறம் தண்ணிக் கிண்ணத்தை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை நிரப்ப வேண்டியிருந்துச்சு, லிட்டர் பெட்டியில (அவ ஒண்ணுக்குப் போற பெட்டி) கட்டி கட்டியா மூத்திரம். அப்போதான் பயந்து வேற டாக்டரைப் பார்த்தேன். நல்லவேளை சர்க்கரை இன்னும் ஏறல. பூனைக்கு ஸ்டீராய்டு ஜாஸ்தியானா நீரிழிவு வர்றது நிஜம், வெளிய தெரியாத இதயக்கோளாறு இருந்தா இந்த மாதிரி ஊசிக்கப்புறம் இதயம் திணறுறதும் உண்டு. ஊசியோட பெரிய குறையே அது உள்ள போயிட்டா திரும்ப எடுக்க முடியாதுங்கிறதுதான்.

அதே ஸ்டீராய்டு மாத்திரையா, பிரெட்னிசலோனா குடுத்தா அந்தப் பிடி நம்ம கையில இருக்கும். தினமும் ஆரம்பிச்சு, அடங்குனதும் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் குறைச்சுக் குறைச்சு நிறுத்தலாம், டக்குன்னு மட்டும் நிறுத்தக் கூடாது. பேரைக் கவனிங்க, பிரெட்னிசோன்னு இன்னொண்ணு இருக்கு, அதைப் பூனை உடம்பு சரியா மாத்திக்காது, பிரெட்னிசலோன்தான் வேணும். கொஞ்ச நாளைக்குன்னா என்னைக் கேட்டா மாத்திரைதான். மாத்திரையே போட முடியாத, தெருவுல வளந்து கையில சிக்காத பூனைன்னா ஊசிக்கு ஒரு நியாயம் இருக்கு, வீட்டுல மடியில படுக்குற பூனைக்கு அந்த நியாயம் கிடையாது.

வருஷக்கணக்குல வேணும்னா சைக்ளோஸ்போரின் திரவம். எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் தட்டி உக்கார வைக்கிற மருந்து. வழக்கமான டோஸ் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம், மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்குற திரவத்துல 4 கிலோ பூனைக்கு கால் மில்லியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஸ்டீராய்டு மாதிரி ரெண்டு நாள்ல வேலை செய்யாது, நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும், அதுக்குள்ள பாதிப் பேர் "இது தண்ணி மருந்து"ன்னு விட்டுடுவாங்க. ஆரம்பத்துல வாந்தி, பேதி வரலாம். எலி பிடிக்கிற, பச்சைக்கறி தின்ற பூனைக்கு டாக்ஸோபிளாஸ்மாங்கிற ஒட்டுண்ணித் தொற்று பயம் இருக்கு, அதனால வேட்டையும் பச்சைக்கறியும் கட். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பூனை லூக்கீமியா, பூனை எய்ட்ஸ் வைரஸ் டெஸ்ட் எடுக்கணும். நல்லா கேட்டுச்சுன்னா ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் ரெண்டு நாள்னு குறைக்கலாம்.

நாய் வச்சிருக்குறவங்க பேசுற ரெண்டைப் பத்தியும் சொல்லிடறேன். 2013-ல நாய்க்குன்னு வந்த ஓக்லாசிட்டினிப் மாத்திரையைச் சில டாக்டர்கள் பூனைக்கும் எழுதுறாங்க, வேகமா கேக்கும், ஆனா பூனைக்குன்னு அனுமதி வாங்குன மருந்து இல்ல, ரத்த டெஸ்ட் பார்த்துப் பார்த்துதான் ஓட்டணும், முதல் சாய்ஸா வைக்க மாட்டேன். லோகிவெட்மாப்னு மாசம் ஒரு ஊசி இருக்கு, அது நாய் உடம்புக்குன்னே வடிவமைச்ச ஆன்டிபாடி, பூனைக்குக் கிடையாது, கேக்கவும் கேக்காதீங்க.

செட்ரிசின் மாதிரி ஆன்டிஹிஸ்டமின் பத்தி ரெண்டே வரி. சில பூனைக்கு லேசா கேக்கும், பலதுக்கு ஒண்ணுமே ஆகாது, கசப்புல வாயில நுரை தள்ளி சுவரெல்லாம் தெளிச்சு வைக்கும். நம்ம டப்பாவுல இருக்குற ஜலதோஷ மாத்திரையை "அதுவும் அலர்ஜி மாத்திரைதானே"ன்னு குடுத்துடாதீங்க, அதுல பாராசிட்டமால் கலந்திருக்கும், ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

மீன் எண்ணெய் ஒமேகா-3 துணைக்கு வச்சுக்கலாம், ரெண்டு மூணு மாசம் பார்க்கணும், தனியா எதையும் சரி பண்ணிடாது (டயட் ட்ரையல், அதாவது அந்த எட்டு வார ஒரே சாப்பாடு நடக்கும்போது அதுவும் வேண்டாம், அது மீன்தான்). மேல பூசுற க்ரீம் எல்லாம் பூனை விஷயத்துல வாய்வழி மருந்துதான், பூசின அஞ்சாவது நிமிஷம் வயித்துக்குள்ள இருக்கும். நக்காம தடுக்க கழுத்துல மாட்டுற கோனா, துணி சட்டையான்னா, முகத்துலயும் கழுத்துலயும் புண்ணுன்னா கோன், வயிறு மட்டும்னா சட்டை. பட்டு சட்டை போட்டதும் சுட்ட மீன் மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு படுத்து மூணு மணி நேரம் அசையல, அப்புறம் பழகிட்டா.

காரணம் தூசிப்பூச்சி, மகரந்தம்னு முடிவானா மட்டும் அலர்ஜி டெஸ்ட் எடுத்து அதுக்குன்னு தயார் பண்ற இம்யூனோதெரபி ஊசி (ஒத்துக்காத பொருளையே கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி உடம்பைப் பழக்குறது) ஒரு வழி. பலன் தெரிய பல மாசம், சில சமயம் ஒரு வருஷமே ஆகும், எல்லாப் பூனைக்கும் கேக்காது, ஆனா கேட்டா மத்த மருந்தைக் குறைக்கலாம். சின்ன வயசுப் பூனைன்னா நான் யோசிப்பேன்.

பட்டுவுக்கு என்ன ஆச்சுன்னா, மூணு மாசம் சொட்டு மருந்துல மாற்றம் இல்ல. ரெண்டாவது தடவை ஒழுங்கா முடிச்ச டயட் ட்ரையல்ல பாதி அடங்குச்சு, பழைய மீன் சாப்பாட்டைத் திரும்பக் குடுத்த நாலாவது நாள் கட்டிலடி சத்தம் திரும்ப வந்துச்சு. ஆக மீன் ஒரு காரணம், மீதி பாதி வேற ஏதோ. அந்த மீதிக்குத்தான் சைக்ளோஸ்போரின், இப்போ வாரம் ரெண்டு நாள், சிரிஞ்சைக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னாடி சொருகி ஒரே தள்ளு, அதுக்கப்புறம் பத்து நிமிஷம் என்கிட்ட பேச மாட்டா. வயித்துல முடி வந்தாச்சு. சொட்டு மருந்தை மட்டும் இன்னும் நிறுத்தல.