கட்டாய ராணுவ சேவையா, அக்னிபத்தா?

ஜெர்மனி 2011-ல் நிறுத்திவைத்த கட்டாய ராணுவ சேவை திரும்புமோ என்று அங்கே பயப்படுகிறார்கள். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் இருப்பதால் பட்டாளப் பேச்சுக்குப் பஞ்சமில்லாத நம் குன்னூரிலும் 'இங்கேயும் வருமா' என்கிறார்கள். சுதந்திர இந்தியாவில் அது இருந்ததே இல்லை.

சரி, ஒப்பிடுவோம். தென்கொரியாவில் தரைப்படைக்கு 18 மாதம், தகுதியுள்ள ஆண் தப்ப முடியாது, படிப்பும் வேலையும் பாதியில் நிற்கும், ஆனால் சட்டப்படி பணக்கார வீட்டுப் பையனும் போக வேண்டும். 2022-ல் வந்த நம் ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டமான அக்னிபத்தில் விருப்பப்பட்டுச் சேரலாம், நான்கு வருடம், முடிவில் சுமார் 11.71 லட்சம் ரூபாய், அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் ராணுவத்தில் தொடர வாய்ப்பு, மற்றவர்களுக்கு ஓய்வூதியம்கூடக் கிடையாது. பச்சைத் தேயிலை விலை விழுந்த வீட்டில் அதை விருப்பம் என்று சொல்வதே எனக்கு இடிக்கிறது. இருந்தாலும் என் ஓட்டு அக்னிபத்துக்குத்தான், பிடிக்காதவன் விண்ணப்பிக்காமலே இருந்துவிடலாம்.