கிளிப்ஸ்: பழுது பார்ப்பவரின் அறிவை எழுதிவைக்க ஒரு மொழி

எக்ஸ்பர்ட் சிஸ்டம், அதாவது ஒரு நிபுணரின் அறிவை விதிகளாக வைத்துக்கொண்டு முடிவு சொல்லும் புரோகிராம், கட்ட வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும், முதலில் கிளிப்ஸ் என்ற மொழியை இறக்கிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். காசு கிடையாது, லைசென்ஸ் தொல்லை கிடையாது. சி மொழியில் எழுதப்பட்டது என்பதால் பழைய கம்ப்யூட்டரிலும் வேகமாக ஓடுகிறது.

நான் இருப்பது போர்வெல் மோட்டார் சர்வீஸ் பிரிவில். எங்கள் மூத்த மெக்கானிக்கின் அனுபவத்தை, போன் எடுக்கும் பையன்களுக்கும் கைகொடுக்கிற மாதிரி ஒரு புரோகிராமாக்க வேண்டியிருந்தது. சாதாரண மொழியில் 'இது என்றால் அது' என்று அடுக்கிக்கொண்டே போனால் ஐம்பதாவது நிபந்தனையிலேயே சிக்கல் விழும். ஒன்றைச் செருகினால் இன்னொன்று உடையும். கிளிப்ஸில் ஒவ்வொரு விதியும் தனித்தனி. எந்த வரிசையில் எழுதினாலும், தெரிந்த தகவல்களோடு எது பொருந்துகிறதோ அதை கிளிப்ஸின் உள்ளே இருக்கும் என்ஜினே எடுத்து ஓட்டுகிறது.

ஓர் உதாரணம். மூன்று ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் குறைவாக வருகிறது, ஆம்பியரும் வழக்கத்தைவிடக் குறைவு. கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஆனால் எங்கள் மெக்கானிக் அண்ணன் முதலில் கேட்பது, "லைன்ல யாராச்சும் கை வெச்சாங்களாங்க?" என்றுதான். கேபிளையோ ஸ்டார்ட்டரையோ கழற்றி மாட்டியிருந்தால் இரண்டு ஃபேஸ் இடம் மாறி, மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும். குழாயை மேலே தூக்காமல், ஸ்டார்ட்டரில் இரண்டு வயரை மாற்றி மாட்டினாலே தீர்ந்துபோகிற பழுது. கிளிப்ஸில் இது ஒரே விதி: மேலே நிபந்தனைகள், நடுவில் ஒரு அம்புக்குறி, கீழே முடிவு. அச்செடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். கம்ப்யூட்டர் பக்கமே வராதவர், விரல் வைத்துப் படித்துவிட்டு, "ஒரு ஃபேஸ் வராட்டி என்ன பண்ணும்னு இதுல இல்லையே தம்பி" என்றார். அதற்கு இன்னொரு விதி எழுதிச் சேர்த்தோம். பழைய விதிகள் எதையும் தொடவில்லை. எனக்கு இந்த மொழி பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இது பிறந்த கதையும் தெரிந்திருப்பது நல்லது. அமெரிக்காவில் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் எக்ஸ்பர்ட் சிஸ்டங்களை லிஸ்ப் மொழிக் கருவிகளில் எழுதிப் பார்த்தார்கள். அதற்கான கம்ப்யூட்டர்களும் கருவிகளும் விலை அதிகம். மற்ற மென்பொருள்களோடு சேரவும் மறுத்தன. அதனால் 1985இல் தாங்களே சி மொழியில் ஒன்றை எழுதிக்கொண்டார்கள். முதல் வடிவத்துக்கு ஆனது இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகம். 1990களின் நடுவில் நாசா விலகிய பிறகும், ஆரம்பத்திலிருந்து இதில் உழைத்த கேரி ரைலி விடாமல் பராமரித்துவருகிறார். 6.4 பதிப்பு 2021இல் வந்தது. இவ்வளவு காலம் ஒரு கருவியைக் கைவிடாமல் காப்பாற்றிய மனிதருக்கு என் வணக்கம்.

உள்ளே வேலை செய்வது ரீட்டே அல்காரிதம், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபோர்ஜி உருவாக்கியது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லா விதிகளையும் புதிதாகச் சோதிக்காமல், பாதி பொருந்தியவற்றை நினைவில் வைத்துக்கொண்டு, மாறிய தகவலை மட்டும் பார்க்கிறது. அதற்கு விலையாக மெமரி கொஞ்சம் கூடும். விதியில் அடிக்கடி மாறும் தகவலைக் கடைசி நிபந்தனையாக வைத்தால் வேகம் கிடைக்கும்.

புதியவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒரு பழுதின் மேல் சந்தேகம் கூடக்கூட அதற்குப் புள்ளி (மதிப்பெண்) போடுகிறோம் என்று வையுங்கள்: விதி புள்ளியைப் படித்து, ஒன்று கூட்டி, தகவலை மாற்றும் மாடிஃபை கட்டளை மூலம் திருப்பி எழுதுகிறது. மாறிய தகவல் என்ஜினுக்குப் புதிய தகவல். அதே விதி மறுபடி பொருந்தும், மறுபடி கூட்டும், நிற்காமல் சுற்றும். புள்ளியை மாற்றாமல், கண்ட அறிகுறியைத் தனித் தகவலாக அசெர்ட் செய்துவிட்டு (புதிதாகச் சேர்த்துவிட்டு), கடைசியில் எண்ணிக்கொள்வதே சரியான வழி. விதி ஏன் ஓடவில்லை என்று புரியாவிட்டால் மேட்சஸ் கட்டளையைக் கொடுங்கள். எந்த நிபந்தனைக்கு எந்தத் தகவல் பொருந்தியது, எது காலியாக நிற்கிறது என்று காட்டிவிடும். இதற்கு இணையான வசதியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

சேலியன்ஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். விதிக்கு முன்னுரிமை கொடுக்க -10000 முதல் 10000 வரை எண் போடலாம். ஒவ்வொரு விதிக்கும் ஓர் எண் போட ஆரம்பித்தால், பழையபடி வரிசைப் புரோகிராம்தான் மிஞ்சும்.

குறைகளும் இருக்கின்றன. முடிவிலிருந்து பின்னோக்கிக் கேள்வி கேட்டுப் போகும் முறை 6.4இல் உள்ளமைந்ததாக இல்லை. அதுதான் தேவை என்றால் 1972இல் பிரான்சின் மார்செய் நகரில் பிறந்த புரோலாக் மொழிப் பக்கம் போங்கள். 'எழுபது சதவீதம் இதுவாக இருக்கும்' என்ற நிச்சயமின்மையைக் கையாளவும் வழியை நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும். திரை, பட்டன் எதுவும் தராது. நாங்கள் பைத்தான் மொழியோடு இணைத்துத்தான் கேள்விப் படிவம் செய்தோம். ஆபீஸ் முழுக்க ஜாவா மொழி என்றால், அதில் எழுதிய டிரூல்ஸ் என்ற விதி என்ஜின் பொருத்தமாக இருக்கும், ஆனால் அதன் பரிவாரம் பெரிது; சின்ன வேலைக்கு வேண்டாம்.

கையேடுகள் இலவசம், தடிமனானவை. அவற்றில் நுழையும் முன், கூடவே வரும் கார் பழுது உதாரணத்தைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா என்று கேட்டு ஆரம்பித்து, பதிலுக்கு ஏற்ப அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். அந்தக் கேள்விகளை அழித்துவிட்டு உங்கள் மெஷினுக்கான கேள்விகளை எழுதத் தொடங்குங்கள்.