எங்கள் ஊர்க் கர்ப்பிணிக் கிளினிக்: போகத்தான் வேண்டும்

மகளின் முதல் பிரசவத்துக்கு மாதாமாதம் அவளோடு கிளினிக் போய் வந்த தாய் நான். திருகோணமலை மாவட்டத்தில் மூதூருக்கு அப்பால், பஸ் எப்போதாவது வரும் ஊர் எங்களுடையது. "அங்கே போய்க் காத்துக் கிடக்கிறதைவிட டவுனில் தனியாரிடம் காட்டலாமே" என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

காசு இருந்தால் தனியாரிடமும் காட்டுங்கள், ஆனால் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். காரணம் எங்கள் மிட்வைஃப் மிஸ். மகளைப் பதிந்ததும் வீட்டுக்கே வந்தார். கிணற்றைப் பார்த்தார், என்ன சமைக்கிறோம் என்று கேட்டார், இராத்திரியில் நோவு கண்டால் யாருடைய ஆட்டோ என்றும் கேட்டார். கிளினிக்கில் நிறை, பிரஷர், சலம், இரத்தம் எல்லாம் பார்த்தார்கள். இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம், திரிபோஷா என்ற சத்துமா எல்லாம் இலவசம்.

ஏழாம் மாதம் கால் வீக்கமும் தலையிடியும் என்று மகள் சொன்னாள். மிஸ் பிரஷரை இரண்டாம் தரமும் பார்த்துவிட்டு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார். மருமகன் கடலால் வரட்டும் என்று காத்திருக்கவும் விடவில்லை. அந்தப் பிரஷர் முற்றினால் வலிப்பில் கொண்டுபோய் விடுமாம். தாயும் பிள்ளையும் இன்று நலமாக இருக்க அந்தத் துண்டுதான் காரணம் என்று நம்புகிறேன். பிறந்த பிறகும் முதல் பத்து நாளுக்குள் வீட்டுக்கு வந்து தொப்புள், மஞ்சள், தாய்ப்பால், தையல் எல்லாம் பார்த்தார்.

2023இல் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இறந்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேல் வறிய நாடுகளில். இரத்தப்போக்கும் இந்தப் பிரஷரும்தான் பெரிய காரணங்கள். இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது. 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து இப்படி வீடுவீடாகப் போன மிட்வைஃப்மாரால்தான் இலங்கை தப்பியது. இன்று இங்கே கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளையும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கிறது.

ஆனாலும் நாட்டுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு உண்டு. இந்த மகள் என் வயிற்றில் இருந்தபோது டவுனுக்கு லோஞ்சில் போக வேண்டும். தரைவழி என்றால் ஒவ்வொரு ஆற்றிலும் ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் வந்தது, பிறகு மற்றப் பாலங்களும் வந்தன. பாலங்களும் உயிர் காத்தவைதான்.

இனிக் குறைகள். உட்கார வாங்கு போதாது, நிறைமாதப் பிள்ளைகள் வெளியே மரத்தடியில் நிற்கிறார்கள். ஸ்கான் மெஷின் இல்லை. அதற்கென்று டவுனுக்குப் போனால் கூலி வேலை செய்கிற வீட்டில் அன்றைய உழைப்பு போய்விடும், ஆட்டோக் காசு வேறு. அனுப்புகிற இடத்தில் தமிழ் தெரியாத டொக்டர் என்றால், எங்கே நோகிறது என்று சொல்லவே பிள்ளைகள் தவிக்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை: பக்கத்துப் பிரிவுக்கு ஆள் இல்லாததால் அதையும் எங்கள் மிஸ்தான் பார்க்கிறார். அவர் லீவு என்றால் இரண்டு ஊருக்கும் யாரும் இல்லை.

போகிறவர்கள் விடியவே போய்விடுங்கள், சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோங்கள். கர்ப்பிணி அட்டையை எங்கே போனாலும் கையில் வைத்திருங்கள். இராத்திரியில் ஏதும் என்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸுக்குக் காசில்லை. அப்புறம், பக்கத்துப் பிரிவுக்கு மிட்வைஃப் கேட்டு மாதர் சங்கம் கடிதம் எழுதுகிறது. கணவன்மாரும் வந்து கையெழுத்து வையுங்கள்.